பதினொரு மூட்டையும் ஒரு குட்டியானையும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முக்கால் மணி நேரம் கக்கூஸில் இருந்தேன். வயிற்றுக் கோளாறு இல்லை. தாழ்ப்பாள் கோளாறு.

என் மகள் கோகிலா நடத்துகிற 'தங்கல்' வீட்டுக் கக்கூஸ் தாழ்ப்பாள் ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலும் ஸ்டேஷனிலும் படுத்துக் கிடக்கிற, போக வீடில்லாத பையன்களைக் கூட்டிவந்து, சோறு போட்டு, ஒரு வேலையில் சேர்த்துவிடுகிற இடம் தங்கல். இப்போதைக்குப் பதினொரு பேர், பதினேழு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை. அவர்கள் எதிரில் பந்தா விட்டேன். "முப்பத்தஞ்சு வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டறவனுக்குத் தாழ்ப்பாளெல்லாம் ஒரு வேலையாடா?" உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை அழுத்திப் போட்டுப் பார்த்தேன். பிரமாதமாகப் பூட்டியது. திறக்கத்தான் இல்லை. ஸ்குரூ டிரைவர் வெளியே ஸ்டூல் மேல்.

தட்டலாம் என்று கையை ஓங்கும்போது ஹாலில் கோகிலா பேச ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் இதை இடித்து லாட்ஜ் கட்டப் போகிறாராம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். முக்கியமான பேச்சு நடக்கும்போது கக்கூஸிலிருந்து தட்டுவது மரியாதை இல்லை என்று பொறுத்துக்கொண்டேன்.

திடீரென்று தடதடவென்று சத்தம். பாத்திரம் உருண்டது, பாய் சுருட்டுகிற ஓசை, ஓட்டம். பிறகு நிசப்தம். தட்டினேன், கத்தினேன். யாரும் இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தால், பதினொரு பேரும் செருப்பு மாட்டி, மூட்டையும் கையுமாகத் தெருவில் வரிசையாக நிற்கிறார்கள். சோற்றுக் குண்டா, பாய்கள், காலண்டர், ஹால் டியூப் லைட் உட்பட எல்லாம் வெளியே. கோகிலா நடுவில் நின்று கும்பிடுகிறாள்.

"இன்னிக்கு இல்லடா! மாசக் கடைசி! இன்னும் வீடே பாக்கலடா!"

'காலி பண்ணணும்' என்று காதில் விழுந்தால் அவர்களுக்கு நாலு நிமிடம்தான். அதற்குமேல் நின்றவன் எவனும் தன் பொருளோடு போனதில்லை.

"எங்கப்பா எங்கடா?" என்றாள் கோகிலா.

சமையல் பார்க்கிற சகாயம், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், தலையில் அடித்துக்கொண்டான். "யக்கா, எல்லாத்தையும் எடுத்தோம், அவியள எடுக்க மறந்துட்டோமே!"

ஜூன் 4, புதன்

மூட்டையை யாரும் பிரிக்க மாட்டேன் என்கிறார்கள். டீ போட மூன்று மூட்டை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை ஒருவனிடம், வடிகட்டி இன்னொருவனிடம். குடித்ததும் மறுபடி கட்டிவிடுகிறார்கள். டியூப் லைட்டைச் சகாயம் போர்வைக்குள் சுருட்டிக் கட்டிவிட்டதால் டார்ச் வெளிச்சத்தில் சாப்பாடு. கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனது போல ஒரே சிரிப்பு.

"நீங்க சொன்னா கேப்பாங்கப்பா, பிரிக்கச் சொல்லுங்க" என்றாள் கோகிலா.

"விடும்மா. கட்டுன மூட்டையப் பிரிச்சா தூக்கம் வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிவியில் பார்த்தேன் என்றேன்.

புதிதாக வந்தவன் இலியாஸ். பதினேழு வயது. சிவப்புப் பை ஒன்றைத் தோளிலிருந்து இறக்குவதே இல்லை, சாப்பிடும்போதுகூட. ராத்திரி செருப்பைக் காலடியில் விட்டுவிட்டுப் பையைத் தலைக்கு வைக்கிறான். "பையோட வாரைக் கணுக்கால்ல சுத்திக்க, செருப்பத் தலைக்கடியில வெய்யி" என்று சொல்லிக் கொடுத்தேன். என்னையே பார்த்தான். அவனுக்கும் டிவி என்றேன்.

புதுப்பையன் வந்தால் தங்கலில் வட்டமாக உட்காருவார்கள். வீட்டைவிட்டு வெளியே முதல் நாள் படுத்த இடம் எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவமானம் விட்டுப்போக அது கோகிலாவின் வழி. எனக்குக் கடையில் அவசர வேலை இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

கடை ஐந்து மணிக்கே பூட்டியாயிற்று என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

ஜூன் 6, வெள்ளி

ஆறு வீடு. ஆறும் இல்லை. ஒருவர் "பொண்ணுங்க இருக்கற வீதி" என்றார். ஒருவர் "என்ற வூட்டு நாய்க்குக் கூட்டம் ஆகாது" என்றார். நாயைப் பார்த்தேன், அதற்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

வீடு கிடைக்காவிட்டால் ஜூலை ஒன்றாம் தேதி பதினொரு பேரும் பழைய இடத்துக்குத்தான், பஸ் ஸ்டாண்டுக்கு. கோகிலா அதை வாயால் சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 7, சனி

வீடு கிடைத்துவிட்டது! கூடவே ஒரு சின்ன சிக்கலும்.

கணபதி ஏரியாவில் ஒரு மாவு மில்லில் மோட்டார் எரிந்துபோனதென்று அழைத்திருந்தார்கள். கழற்றப் போனேன். மில்லுக்கு மேல் மாடி முழுக்கக் காலி, வாசலில் 'டூ லெட்' பலகை. மில்லுக்கார அம்மா தனபாக்கியம், ஐம்பது வயதிருக்கும், புருவம் வரைக்கும் மாவு.

"குடும்பத்துக்குத்தானுங்க வுடுவேன். பேச்சிலருக்கு இல்லீங்."

"குடும்பந்தானுங்க" என்றது என் வாய். எனக்கு அதில் பங்கில்லை.

"எத்தன பேருங்க?"

"பன்னெண்டு."

மாவுப் புருவம் இரண்டும் மேலே போயின. "பன்னெண்டா? புள்ளைங்களா?"

"பசங்க பதினொண்ணு, பொண்ணு ஒண்ணு. கூட்டுக் குடும்பமுங்க. சித்தப்பா வழி, மச்சினன் வழி..."

"இந்தக் காலத்துலயுமா!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வைகாசி முடியறதுக்குள்ள குடி வந்துருங்க. ஆனி பொறந்துட்டா வெக்க மாட்டேன். வியாழக்கெழம நாள் நல்லாருக்குது."

எரிந்த மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு விசில் அடித்துக்கொண்டே வந்தேன். உறவுக்காரர்களை உண்டாக்குவதில் எனக்குப் பழைய கைராசி.

ஜூன் 8, ஞாயிறு

தங்கலில் உறவுமுறை பங்கீடு. ரேஷன் கடை தோற்றது.

"மோட்டாரப்பா, எனக்கு நல்ல எடமாப் பாத்துக் குடுங்க" என்றான் சகாயம். "சீர்செனத்தி செய்யுத மாதிரி ஒரு அத்தை வேணும்."

ஒடிசாவிலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கிற பிபினை என் மச்சினன் மகனாக்கினேன்.

"என் அப்பா எங்க?" என்றான் பிபின்.

"ஒடிசாவுல பொண்ணு கட்டி அங்கயே தங்கிட்டாரு."

பிபின் யோசித்தான். "நல்ல ஆளா?"

"தங்கமான ஆளு."

"போன் பண்றதே இல்ல" என்று பொய்யாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எல்லோரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

கடைசியாக இலியாஸ், பையைக் கட்டிக்கொண்டே, "எனக்கு யாருங்க?" என்றான்.

"நீ எங்க சித்தப்பா பேரன். என்னைய வளத்து வேலை கத்துக் குடுத்தாரே, அந்தச் சித்தப்பா."

சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி ருக்குமணி நிமிர்ந்தாள். "அவரா? நம்ம கல்யாணத்துக்கே வரல. இத்தன வருசத்துல ஒரு போட்டோகூட நான் பாக்கல. இப்பப் பேரன் மட்டும் வந்துட்டானாக்கும்."

அப்போது பார்த்து கோகிலா உள்ளே வந்தாள். விஷயம் தெரிந்ததும் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பிடித்தாள்.

"அப்பா, இந்த வீட்டுல ஒரே ஒரு சட்டந்தான் இருக்கு. பொய் சொல்லக் கூடாது. அத வெச்சுத்தான் இவனுங்கள நாலு எடத்துல வேலைக்குச் சேத்திருக்கேன். நீங்க என்னடான்னா ஒரு குடும்பத்தையே பொய்யாப் பெத்து வெச்சிருக்கீங்க. வியாழக்கிழமைக்குள்ள அந்தம்மாகிட்ட நீங்களே உண்மையச் சொல்லணும்."

"சொன்னா வீடு போயிடுமேம்மா."

"போனாப் போகட்டும். சொல்லாம அங்க போக மாட்டேன்."

பத்தாவது ஃபெயிலான எனக்கு எம்.எஸ்.டபிள்யூ. படித்த மகள். தலையாட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

உண்மையைச் சொல்ல மில்லுக்குப் போனேன். மோட்டாரைப் பொருத்தினேன். ஓடுகிறதா என்று பார்க்கக் கோதுமை அரைத்தார்கள். கோதுமை மாவு இரண்டு கிலோவோடு வீடு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ராகி. மூன்று கிலோ.

ஜூன் 11, புதன்

இன்று கண்டிப்பாக என்று சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். "ஏனுங்க, புள்ளைங்களுக்குக் கம்பங்கூழு புடிக்குமுங்களா?" என்று அந்தம்மா அன்பாகக் கேட்டார். எப்படிச் சொல்வது? கம்பு மாவு.

"உண்மையச் சொல்றேன்னு போறது, அரைச்சுட்டு வர்றது" என்றாள் ருக்குமணி. "இன்னும் ஒரு வாரம் விட்டா நாமளே கடை போட்டுரலாமுங்க."

கோகிலா மூட்டைகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் வாங்கி வந்து கொடுத்திருந்தாள், வண்டியில் ஏற்ற வசதியாக. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பதினொரு பேரும் ஸ்டிக்கரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏழாம் நம்பர் நாந்தான், பாத்து எறக்குங்க, ஒடையுத சாமான்" என்கிறான் சகாயம்.

கோகிலாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "சொல்லிட்டீங்களா?" என்றாள்.

இருமல் வந்தது. நன்றாக இருமினேன்.

ஜூன் 12, வியாழன்

விடிந்ததும் தெரிந்தவரின் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு தங்கல் வாசலில் நிறுத்தினேன். பீரோ, கிரைண்டர், கோகிலாவின் மேஜை, குண்டா எல்லாம் ஏறின. "மூட்டையப் போடுங்கடா" என்றாள் கோகிலா.

ஒருவனும் அசையவில்லை. பதினொரு மூட்டையும் பதினொரு தோளில்.

"மூணு கிலோமீட்டருடா! மழை தூறுது!"

"இருக்கட்டும்க்கா, கனமில்ல" என்றான் பிபின். அவன் மூட்டை அவனைவிட உயரம்.

"நம்பர்கூடப் போட்டாச்சு, வண்டி பின்னாடியே வருது, யாரு எடுக்கப் போறா?"

"விடும்மா" என்றேன். "வண்டி கண்ணுக்கு மறைஞ்சுதுன்னா மூட்டை போனதுன்னு அர்த்தம். அவங்க நடக்கட்டும்."

"டிவியா?"

"ஆமா."

ஆக, அவர்கள் முன்னால் நடக்க, நான் பின்னால் ஊர்ந்தேன். பக்கத்தில் ருக்குமணி மடியில் காமாட்சி விளக்கு. தூறலில் தோளில் மூட்டையோடு பதினொரு பேர், நெற்றியில் நேற்றைய ஸ்டிக்கர் இரண்டு மூன்று இன்னும் ஒட்டியபடி, பின்னால் ஒரு விளக்கு, முதல் கியரில் ஒரு வண்டி. பார்க்கிறவர்கள் என்னதான் நினைப்பார்கள்? ஒரு பாத்திரக் கடைக்காரர் ஓடிவந்து, "எந்தக் கோயிலுக்குங்க பாதயாத்திரை?" என்றார்.

"மாவு மில்லு அம்மனுக்கு அண்ணாச்சி!" என்றான் சகாயம்.

அவர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த கடையிலிருந்து எல்லோருக்கும் நீர்மோர் வந்தது. பொய் சொல்லக் கூடாது என்கிற கோகிலா இரண்டு டம்ளர் குடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பாவம்.

புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது உப்பு. அந்த ஜாடியை இலியாஸிடம் கொடுத்திருந்தாள் ருக்குமணி. ஒரு தோளில் சிவப்புப் பை, இரண்டு கையிலும் ஜாடி, அதன்மேல் தன் சட்டையின் முன்பக்கத்தை இழுத்து மூடிக்கொண்டு மூன்று கிலோமீட்டரும் வந்தான். வயிறு நனைந்தது, உப்பு நனையவில்லை.

மில் வாசலில் தனபாக்கியம் கோலம் போட்டு வைத்திருந்தார். ஊர்வலத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டி பாதி காலியா வருது. பசங்க எதுக்குச் சொமந்துட்டு வர்றாங்க?"

கோகிலா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவும் போனாள். நான் முந்திக்கொண்டேன். மூன்று நாளாக மாவாக அரைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. குடும்பம் இல்லை, ஒருவனுக்கொருவன் சொந்தமில்லை, போக்கிடம் இல்லாத பையன்கள், மகள் பார்த்துக்கொள்கிறாள், மச்சினன் ஒடிசாவில் இல்லை, எனக்கு மச்சினனே இல்லை.

"தெரியுமுங்க" என்றார் அந்தம்மா. "உங்க கடைக்கு எதுத்தாப்புல பேக்கரியிலயே விசாரிச்சுட்டேன். மோட்டார்க்கார நாச்சிமுத்துவுக்கு ஒரே பொண்ணுன்னாங்க. நீங்களா எப்ப வாயத் தொறப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். மூணு நாளா மாவுதான் அரச்சீங்க."

எனக்கு அந்தக் கோலத்துக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

"பொய் சொல்லிட்டு வந்தவங்களுக்கு எப்படிங்க வீடு வுடறது? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு ஜவாப்பு?"

"நானுங்க."

"நீங்களா? உங்களுக்குப் பொண்டாட்டி இருக்கு, கடை இருக்கு, வீடிருக்கு. ரோட்டுல கெடந்த பசங்களப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

நல்ல கேள்வி. பதிலும் இருந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. ருக்குமணி விளக்கோடு பக்கத்தில் நின்றாள். கோகிலா நின்றாள். "தெரியுமுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பின்னால் திடீரென்று பேச்சுச் சத்தமே இல்லை. திரும்பினேன். பதினொரு பேரும் எங்களுக்கு முதுகு காட்டி, வந்த வழியே நடக்க ஆரம்பித்திருந்தார்கள். முறைப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. வீடு இல்லையென்று ஆகிவிட்டது, கிளம்பிவிட்டார்கள். சகாயம் முன்னால், மற்றவர்கள் வரிசையாக. நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசியில் போன இலியாஸ் மட்டும் நின்று யோசித்தான். திரும்பி வந்தான். ஜாடியை அந்தம்மாவிடம் நீட்டினான்.

"மழை பெருசா வருதுங்க்கா. உப்பு நனைஞ்சிரும். நீங்க உள்ள வெச்சுக்குங்க."

அந்தம்மா கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. அவர் நின்றது வாசற்படிக்கு உள்ளே. இலியாஸ் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டான்.

தனபாக்கியம் ஜாடியைப் பார்த்தார். தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"அட அக்கிரமம் புடிச்சவனே! டேய்! உப்பக் குடுத்துப்போட்டு எங்கடா போறீங்க?"

"தெரியலக்கா" என்று தூரத்திலிருந்து சகாயம் குரல்.

"தெரியாமத்தான் இத்தன வேகமா நடக்கறீங்களா? உப்பு உள்ள வந்துபோச்சுடா! இனி உங்களத் தொரத்துனா என்ற மில்லு வெளங்குமா? திரும்பி வாங்கடா, நல்ல நேரம் போகுது!"

அவர்கள் திரும்பி ஓடிவந்த ஓட்டத்தில் கோலம் காணாமல் போயிற்று. பிபினின் மூட்டை மாடிப்படியில் மாட்டிக்கொண்டு, பின்னால் ஒன்பது பேர் முட்டி நின்று கூச்சல். பால் கொதிப்பதற்குள் பதினொரு தலையும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தன. பொங்கியது என்றால் அப்படியொரு பொங்கல், அடுப்பே அணைந்துவிட்டது. "பொங்கிருச்சு!" என்று பிபின் ஒடியாவில் கத்தினான் என்று நினைக்கிறேன், எனக்கு விளங்கியது.

தனபாக்கியம் ஒரு நிபந்தனை போட்டார். "பேச்சிலருக்கு வுட மாட்டேன்னு வீதி பூரா சொல்லி வெச்சிருக்கறேன். யாரு கேட்டாலும் குடும்பம்னே சொல்லிப்போடுங்க."

கோகிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பு மாவு டப்பாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அன்றே, சாயங்காலம்

மூட்டைகளைப் பிரித்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. சகாயம் முதலில் டியூப் லைட்டை மாட்டினான், அந்த வெளிச்சத்தில் ஒவ்வொருவனாக. இலியாஸ் ஓர் ஆணி கேட்டான். அடித்துக் கொடுத்தேன். சிவப்புப் பையை அதில் மாட்டிவிட்டு, வெறும் தோளோடு இரண்டு தடவை ஹாலைச் சுற்றி வந்தான்.

மூன்று வகை மாவிலும் அடை சுட்டுச் சாப்பிட்டோம். பிறகு புது வீட்டில் முதல் வட்டம். கடை பூட்டியிருக்கிறது, வண்டிச் சாவி கோகிலாவிடம். நான் தப்பிக்க வழியில்லை.

ஒவ்வொருவனாகச் சொன்னான். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் காய்கறி மூட்டைகள், ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்கு அடியில். "இவரு வீட்டுலதான், வாக்கப்பட்டு வந்த அன்னிக்கு" என்றாள் ருக்குமணி, எல்லோரும் கைதட்டினார்கள். எட்டிப் பார்க்க வந்த தனபாக்கியத்தையும் உட்காரவைத்தார்கள். புருசனோடு சண்டை போட்டு மில் தவிட்டு மூட்டை மேல் படுத்ததைச் சொன்னார்.

என் முறை வந்தது.

"எங்க சித்தப்பா வீட்டுல" என்றேன்.

"ஓ, எங்க தாத்தா வீட்டுலயா!" என்றான் இலியாஸ். வீடு குலுங்கச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் நான் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டு. கோகிலா சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பம்பு கம்பெனி கொடுத்த இந்த டைரியில் இன்றைய பக்கம் இன்னும் நாலு வரி மிச்சமிருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

சித்தப்பா என்று எனக்கு யாரும் கிடையாது. பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்குப் பஸ் ஏறியவன், கோயமுத்தூர் ஸ்டேஷன், மூணாம் நம்பர் பிளாட்பாரம், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் படுத்தேன். மூன்றாம் நாள் செருப்பு போயிற்று. மொத்தம் நாற்பத்தொரு நாள் அங்கே இருந்தேன், கோகிலா.